சூரிய மிதவை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கடற்பாசி வளர்க்கும் இடத்தில் சூரிய ஒளியில் இயங்கும் நீர் கண்காணிப்பு மிதவை ஒன்றை விடலாம் என்று யாராவது சொன்னால், கேட்பவர்களிடமிருந்து இரண்டு விதமான பதில் வரும். கருவி வந்துவிட்டால் பாசி தானாக நன்றாக வளரும் என்பது ஒன்று. திட்டம் முடிந்ததும் கரையில் கிடந்து துருப்பிடிக்கப்போகும் இன்னொரு சாமான் என்பது மற்றது. இரண்டாவது பதிலுக்கு வன்னியில் போதிய அனுபவம் உண்டு. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு பதில்களுக்கும் அடியில் ஒரே குழப்பம் இருக்கிறது. மிதவை பாசிக்கு உரம் போடாது, நோயைத் தீர்க்காது, அலையைத் தடுக்காது. தண்ணீரின் சூடு இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்தச் சேதியால் ஒரு பாசிக்காரக் குடும்பத்துக்கு என்ன பயன் என்பதைப் பாசியிலிருந்து தொடங்கினால்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் பெரும்பாலும் வளர்க்கப்படுவது ‘கப்பாஃபைக்கஸ்’ என்ற சிவப்புப் பாசி. பற்பசையிலும் ஐஸ்கிறீமிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கப்படும் கராஜீனன் இதிலிருந்து எடுக்கப்படுகிறது. மூங்கிலால் மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர் சட்டம் கட்டி, கயிறுகளில் பாசித் துண்டுகளை முடிந்து மிதக்க விடுவார்கள். இராமநாதபுரக் கரையின் கணக்குப்படி ஒரு சட்டத்துக்கு 60 கிலோ நாற்றுப்பாசி வேண்டும். 45 நாளில் அது சராசரியாக 260 கிலோ ஆகும். அடுத்த சுற்றுக்கு 60 கிலோவை எடுத்து வைத்தால் மிச்சம் 200 கிலோ. காய்ந்தால் பத்தில் ஒரு பங்குதான் நிற்கும்; அதாவது 20 கிலோ. வருமானம் அந்த 20 கிலோவில்தான்.

இதில் கவனிக்கவேண்டியது, நாற்றும் விளைச்சலும் ஒரே பொருள் என்பது. ஒரு சுற்று அழிந்தால் அந்த 45 நாள் உழைப்போடு அடுத்த சுற்றின் தொடக்கமும் போய்விடும். பக்கத்துச் சட்டங்களும் அதே தண்ணீரில், அதே வாரத்தில் அழிந்திருக்கும் என்பதால் கைமாற்றாக நாற்று வாங்கவும் ஆள் இருக்காது.

இது கற்பனைக் கவலை அல்ல. இந்தப் பாசி நம் கடலுக்குச் சொந்தமானதல்ல. பிலிப்பைன்ஸ் கடல்களைச் சேர்ந்தது. இந்தியாவின் மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையம் 1984இல் ஜப்பானிலிருந்து அதன் சிறு துண்டுகளைக் கொண்டுவந்து குஜராத் கரையில் பழக்கியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அது இராமநாதபுரக் கரையின் மண்டபத்துக்கு வந்தது. 2000ஆம் ஆண்டளவில் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் இறங்கியது. 2008இல் அந்தத் தொழிலை அக்குவாக்றி நிறுவனம் எடுத்துக்கொண்டது. இராமநாதபுரத்தின் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் வங்கிக் கடன் எடுத்துச் சட்டம் கட்டினார்கள். 2012-13இல் காய்ந்த பாசி 1,500 தொன் அளவுக்கு ஏறியது. அதற்கடுத்த பருவத்திலேயே கடல் சூடாகி, பாசி வெளுத்து, முறிந்து, கொத்துக்கொத்தாக அழிந்தது. அந்தச் சரிவிலிருந்து பழைய உச்சத்தை எட்டுவது நீண்டகாலத்துக்கு முடியாமலே இருந்தது. 2023இல் இராமநாதபுரம் மாவட்டத்தின் வளமாவூரில் 127 கோடி இந்திய ரூபா செலவில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, நல்ல நாற்றுக்கு எங்கே போவது என்பதும் அதன் முக்கிய கேள்விகளில் ஒன்றாக இருந்தது.

எங்கள் பக்கத்தில், போருக்குப் பின்வந்த ஆண்டுகளில் கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிக் கரையில், வலைப்பாடு போன்ற ஊர்களில் இதே பாசி வந்தது. ஹேலீஸ் குழுமத்தின் கிளை நிறுவனமொன்று வாங்கியது. நக்டா என்று நாம் சுருக்கிச் சொல்லும் நீருயிரினச் செய்கை அதிகாரசபை ஊக்குவித்தது. துணையை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர் அதில் இறங்கினார்கள். வள்ளமும் இயந்திரமும் இல்லாமல், இடுப்பளவு தண்ணீரில் நின்று செய்யக்கூடிய தொழில் என்பதே அதன் கவர்ச்சி. பின்னால் பார்க்கப்போவதுபோல, அதன் பலவீனமும் அந்த இடுப்பளவுத் தண்ணீர்தான்.

பாசியை வெளுக்கச் செய்யும் நோயைப் பிலிப்பைன்ஸ் பாசிக்காரர்கள் ‘ஐஸ்-ஐஸ்’ என்றார்கள். தண்டின் ஒரு பகுதி நிறம் போய், பனிக்கட்டிபோல வெளுத்து, அந்த இடத்திலேயே முறிந்து விழும். பக்ரீரியா அதில் காணப்படும். ஆனால் பக்ரீரியா பெரும்பாலும் இரண்டாவதாக வரும் விருந்தாளி. முதலில் வருவது நெருக்கடி. 1995இல் வெளியான ஆய்வுகூடப் பரிசோதனைகள் மூன்று நெருக்கடிகளைப் பிரித்துக் காட்டின. தண்ணீர் 33 முதல் 35 பாகை செல்சியசுக்கு ஏறுவது. ஒரு கிலோ நீரில் உப்பு 20 கிராமுக்கோ அதற்கும் கீழோ இறங்குவது. வெளிச்சம் மிகக் குறைவது. நல்ல கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கும்.

இப்போது மிதவைக்கு வருவோம். சூடு ஏறத் தொடங்கும் நாளுக்கும் பாசி முறிந்து விழும் நாளுக்கும் இடையில் சில நாட்கள் இருக்கின்றன. அந்த நாட்களில் செய்யக்கூடிய வேலைகளும் இருக்கின்றன. முப்பத்தைந்தாம் நாளிலேயே அறுத்துக் காயவைக்கலாம். விளைச்சல் குறையும், ஆனால் பூச்சியமாகாது. கயிறுகளை இன்னும் ஒரு முழம் ஆழத்துக்கு இறக்கலாம். சட்டங்களை நீரோட்டம் உள்ள இடத்துக்கு இழுத்துப் போகலாம். எதுவும் முடியாவிட்டாலும் நாற்றுக்கான பங்கையாவது ஆழமான இடத்தில் ஒதுக்கி வைக்கலாம். மிதவை தருவது இந்தச் சில நாட்களைத்தான். வெளுப்பைக் கண்ணால் கண்டபின் ஓடுவதற்கும், வெளுக்குமுன் தெரிந்து ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

அதன் உள்ளமைப்பில் மாயம் ஒன்றுமில்லை. மேலே ஒரு சின்னச் சோலர் தகடு, உள்ளே ஒரு பற்றரி, கணக்கை எழுதும் ஒரு சில்லு, கைத்தொலைபேசியில் உள்ளதுபோன்ற ஒரு சிம், தண்ணீருக்குள் தொங்கும் உணரிகள். அரைமணிக்கு ஒருமுறை விழித்து, அளந்து, குறுந்தகவல் அனுப்பிவிட்டு மறுபடி உறங்கும் கருவிக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வாட்-மணி மின்சாரம் தாராளம். வன்னி வெயிலில் பத்து வாட் தகடு ஒன்று, இழப்புகள் போக, முப்பத்தைந்து வாட்-மணி வரை தரும். ஆகவே மாரிகாலத்தில் வானம் ஒரு கிழமை மூடிக் கிடந்தாலும் மின்சாரம் பெரும் பிரச்சினையாக இராது. மிதவையில் வந்து குந்தும் கடற்காகங்களின் எச்சம், இணைப்புக் கம்பிகளை அரிக்கும் உப்பு, சிக்னல் இல்லாத கரை ஆகியவைதான் அதை நிறுத்தும். ‘சூரிய சக்தி’ என்ற சொல்லில் மயங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். சூரியன் இந்தக் கருவியில் மிகவும் நம்பகமான உறுப்பு. மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு மனிதக் கை வேண்டும்.

அந்தக் கை எதற்கு என்றால், முதலில் கழுவுவதற்கு. வெப்பக் கடல்நீரில் எதைத் தொங்கவிட்டாலும் ஓரிரு கிழமையில் வழுக்கல் படியும், பிறகு மட்டியும் கொட்டலசும் ஒட்டும். ஒட்டிய உணரி தொடர்ந்து எண் அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அது கடலின் எண்ணாக இராது, தன்மேல் படிந்த அழுக்கின் எண்ணாக இருக்கும். பழுதாகி நின்றுபோன கருவியைவிட, தவறான எண்ணை நம்பிக்கையோடு சொல்லும் கருவி ஆபத்தானது. கிழமைக்கு ஒருமுறை தூரிகையால் கழுவி, கையடக்க உப்புமானியாலும் சாதாரண வெப்பமானியாலும் அதே இடத்தில் அளந்து, இரண்டு எண்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும். அவருக்குக் கூலியும் வேண்டும். திட்ட அறிக்கைகளில் கருவியின் விலை முதல் பக்கத்தில் இருக்கும். இந்தக் கூலி எந்தப் பக்கத்திலும் இராது.

எதை அளப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். விற்பனையாளர் ஆறேழு உணரிகளைப் பட்டியலிடுவார். வெப்ப உணரி மலிவு, ஆயிரம் ரூபாவுக்குள் கிடைக்கும், வருடக்கணக்கில் பழுதாகாது. உப்பை, நீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவைக்கொண்டு கணிக்கிறார்கள். இது சற்று விலை, அடிக்கடி கழுவவேண்டும், ஆனால் தவிர்க்க முடியாதது. அமில-காரத் தன்மையை அளக்கும் கண்ணாடி உணரி சில மாதங்களில் தன் அளவிலிருந்து நழுவத் தொடங்கும். அந்த எண்ணைப் பார்த்துப் பாசிக்காரர் எடுக்கக்கூடிய முடிவு என்று எதுவும் இல்லை. அது ஆராய்ச்சியாளருக்குத் தேவை, சங்கத்துக்குத் தேவையில்லை. எண் வந்தால் கை என்ன செய்யும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத உணரியை வாங்காமல் விடுவதே நல்லது.

செய்மதிகள் கடலின் சூட்டை நாள்தோறும் அளந்து இணையத்தில் இலவசமாகத் தருகின்றனவே, பிறகு மிதவை எதற்கு என்று கேட்பது நியாயம். பவளப்பாறை வெளுப்பை முன்கூட்டிச் சொல்ல அமெரிக்காவின் நோவா நிறுவனம் 5 கிலோமீற்றர் சதுரங்களாகக் கடலைப் பிரித்துப் பார்க்கிறது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டதும் இந்தத் தரவின் துணையோடுதான். இது பரந்த கடலுக்குப் போதும். கரையிலிருந்து இருநூறு மீற்றரில் இடுப்பளவுத் தண்ணீர் மதியம் இரண்டு மணிக்கு எவ்வளவு கொதிக்கும் என்பது அந்தச் சதுரத்துக்குள் காணாமல் போய்விடும். உப்பைப் பற்றியோ செய்மதி இன்னும் குறைவாகவே சொல்லும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதே சரி: வரும் வாரங்களின் போக்குக்குச் செய்மதி, இன்றைய மதியத்துக்கு மிதவை.

இனி முள்ளியவளைக்கு வருவோம். இந்த ஊரில் இருந்து இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. முள்ளியவளை முல்லைத்தீவு மாவட்டத்தில், கடலுக்குச் சில கிலோமீற்றர் உள்ளே, வயலும் குளமும் சூழ்ந்த ஊர். ஆனால் கடல்நீரோடு அதற்குள்ள உறவு வைகாசியில் எல்லோருக்கும் தெரியும். சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் எடுத்த கடல்நீரைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்புநீரில் விளக்கேற்றி, பிறகுதான் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். அந்த வற்றாப்பளைக்கு முன்னால் விரிவது நந்திக்கடல் களப்பு. எனவே ‘முல்லைத்தீவிலும் கடற்பாசி’ என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால், அவர் காட்டும் தண்ணீர் எது என்று முதலில் கேட்கவேண்டும். எங்களிடம் இருப்பது ஒரு தண்ணீர் அல்ல, இரண்டு.

ஒன்று கிழக்குத் திறந்த கடல். கொக்கிளாயிலிருந்து சாலை என்ற ஊர் வரை தடுப்பில்லாத கரை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் அந்த அலையில் மூங்கில் சட்டம் நிற்காது. 2020 டிசம்பர் 2இல் புரெவிப் புயல் எங்களுக்குத் தெற்கே, திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதை மறந்திருக்க மாட்டோம். பூநகரிக் கரைக்குப் பாக்கு நீரிணையின் ஆழம்குறைந்த தண்ணீர் ஒரு பாதுகாப்பு. அங்கே சோளகக் காற்றுக்குத்தான் கவனமாக இருக்கவேண்டும். அங்கே சரிவந்ததை இங்கே அப்படியே பிரதி செய்ய முடியாது. மிதவை வைத்தாலும் அந்த உண்மை மாறாது.

மற்றது களப்பு. நந்திக்கடல் என்றதும் போர் முடிந்த 2009 மே மாதம் நினைவில் எழாமல் போகாது. அந்தக் கரையில் இன்றும் வலை வீசியும் இறால் பிடித்தும் வாழ்கிறவர்கள் அந்த நினைவோடுதான் தண்ணீரில் இறங்குகிறார்கள். 2017இல் அது இயற்கை ஒதுக்கிடமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. ஆகவே அங்கே ஒரு தடியை நடுவதற்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி பற்றிய கேள்வி எழும். அதைத் தாண்டினாலும் தண்ணீரின் கேள்வி இருக்கிறது. மாரியில் பேராறு கொண்டுவரும் வெள்ளத்தில் களப்பு ஏறத்தாழ நன்னீராகும். வட்டுவாகலில் முகத்துவாரம் மணலால் மூடிக் கிடக்கும். வெள்ளம் ஏறும்போது வெட்டி விடுவார்கள். வெட்டிய பிறகு கடல் உள்ளே வரத் தொடங்கும். பங்குனி, சித்திரை கழிந்து வெயில் ஏற, தண்ணீர் வற்றி உப்பு கடலைவிடக் கூடும். கப்பாஃபைக்கஸ் இந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு சுற்றுக்கூடத் தாங்காது.

அதைக் களப்புக்குள் கொண்டுவரக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் கப்பாஃபைக்கஸ் வளர்ப்பிடத்திலிருந்து தப்பி, உயிருள்ள பவளங்கள்மேல் படர்ந்து மூடியதை இந்திய ஆய்வாளர்கள் 2008இல் பதிவு செய்தார்கள். வந்தேறிப் பாசியை எங்கே விடலாம், எங்கே விடக்கூடாது என்பதை முதலில் தீர்க்கவேண்டும். கருவி அதற்குப் பிறகு.

களப்புக்குப் பொருந்தக்கூடியது என்றால் கஞ்சிப்பாசி. அது எங்கள் நீர்நிலைகளுக்குப் புதியதல்ல. ‘சிலோன் மொஸ்’ என்ற பெயரில் புத்தளம், கல்பிட்டிப் பக்கத்திலிருந்து பிரித்தானியர் காலத்திலேயே வெளிநாடு போனது. அதிலிருந்து வருவது அகார். உப்பின் ஏற்ற இறக்கத்தை அது கப்பாஃபைக்கசைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் தண்ணீர் முழுக்க நன்னீராகிவிட்டால் அதுவும் நிலைக்காது. வருடத்தில் எத்தனை மாதம் உப்பு ஏற்ற அளவில் நிற்கிறது, முகத்துவாரம் வெட்டிய எத்தனையாவது நாளில் திரும்புகிறது என்று தெரிந்தால்தான் கஞ்சிப்பாசிக்கு ஒரு சுற்று உண்டா, இரண்டு உண்டா, ஒன்றுமே இல்லையா என்று சொல்லலாம். மிதவை முதலில் பயன்படவேண்டிய இடம் இதுதான்: பாசி போட்ட பிறகு காவல் காக்க அல்ல, போடலாமா என்று முடிவுசெய்ய. ‘வேண்டாம்’ என்ற பதில் வந்தாலும் அது லாபம்தான். எத்தனையோ குடும்பங்களின் கடன் மிச்சமாகும்.

களப்பில் இன்னொரு பயனும் உண்டு. இது பாசிக்காரரைவிட இறால் தொழிலாளருக்கு உரியது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் பகலில் ஏறி இரவில் இறங்கும். பாசியும் நீர்த்தாவரங்களும் பகலில் ஒட்சிசனை விடுகின்றன. இரவில் மீனோடு சேர்ந்து அவையும் அதைச் செலவழிக்கின்றன. ஆகக் குறைவாக இருப்பது விடியற்காலைக்குச் சற்று முன். ஒரு அதிகாரி காலை பத்து மணிக்கு வந்து அளந்துவிட்டுப் போனால் எல்லாம் நலம் என்றே அவரது தாள் சொல்லும். வற்றும் காலத்தில் களப்பு மீன்கள் செத்து மிதக்கும்போது, முதல் நாள் அளவீடு சரியாகத்தானே இருந்தது என்று திகைப்பது இதனால்தான். அதிகாலை நான்கு மணிக்கு யாரும் அளக்கப் போவதில்லை. உறங்காமல் அளக்கும் கருவியின் தேவை இங்கேதான் கேள்விக்கு இடமில்லாமல் தெரிகிறது.

இவ்வளவும் எண்களைப் பற்றியது. ஆனால் எண் தானாக எதையும் செய்யாது. இதை வன்னி மக்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை, ஏனெனில் குளத்து நீர்மட்டக் கல் காலங்காலமாக எங்களுக்குச் சொல்லித் தருவது அதைத்தான். கல்லில் இத்தனை அடி என்று தெரிந்ததும் வாய்க்கால் தானாகத் திறப்பதில்லை. பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். நீர்ப்பாசனத் திணைக்களமும் பிரதேச செயலகமும் கமக்கார அமைப்புகளும் உட்காரும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு பங்கு, எந்தத் திகதியில் திறப்பது, எந்தத் திகதிக்குப் பின் விதைக்கக்கூடாது என்று பேசி எழுதுவார்கள். சண்டையும் வரும். ஆனால் எழுதிய பிறகு அது ஊரின் முடிவு. நீர்மட்டக் கல்லை உயர்ந்த தொழில்நுட்பம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதைப் பயனுள்ளதாக்கியது அந்தக் கூட்டம்.

கடற்பாசிக்கு அப்படியொரு கூட்டம் இன்னும் இல்லை. மிதவை ‘32 பாகை, மூன்று நாளாக ஏறுகிறது’ என்று அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். யாருடைய போனுக்கு? சங்கத் தலைவருக்கா, எல்லாப் பெண்களுக்குமா, வாங்கும் நிறுவனத்துக்கா? முப்பத்தைந்தாம் நாளில் அறுத்தால் நிறுவனம் அதே விலைக்கு எடுக்குமா, முற்றாத பாசி என்று குறைக்குமா? குறைக்கும் என்றால், எந்தக் குடும்பமும் எச்சரிக்கையைக் கேட்டு அறுக்காது. நாற்பத்தைந்தாம் நாள்வரை கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கும். அது அறியாமை அல்ல, கணக்கு. ஒப்பந்தத்தில் ‘எச்சரிக்கை வந்தபின் அறுத்த பாசிக்கு இன்ன விலை’ என்று ஒரு வரி இருந்தால், அந்த வரி மிதவையைவிட அதிகப் பாசியைக் காப்பாற்றும்.

தன்சானியாவின் சான்சிபார் தீவுகள் இதில் கேட்கத் தகுந்த கதை. அங்கே 1989இல் பாசி வளர்ப்பு தொடங்கியது. செய்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். கரையோரத் தண்ணீர் சூடாக, விலை கூடிய கப்பாஃபைக்கஸ் ஆழமற்ற இடங்களில் நிற்கவில்லை. பலர் விலை குறைந்த இன்னொரு வகைக்கு மாறினார்கள். ஆழத்துக்குப் போனால் வளரும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு நீந்தத் தெரியாது, வள்ளமும் இல்லை. ‘கயிற்றை ஆழத்தில் இறக்கு’ என்ற அறிவுரை அவர்களுக்கு அறிவுரையாகவே நின்றது. வலைப்பாட்டிலும் அதே இடுப்பளவுத் தண்ணீர்தான். கருவிக்குக் காசு ஒதுக்குகிறவர்கள், அந்தக் கருவியின் சொல்லைக் கேட்டு நடக்க ஒரு பொது வள்ளத்துக்கும் மிதப்பு அங்கிகளுக்கும் ஒதுக்காவிட்டால் பாதி வேலையைத்தான் செய்கிறார்கள்.

தரவு யாருடையது என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். 2022இல் பூநகரிப் பக்கத்துக் கிராஞ்சி, இலவங்குடா மீனவர்கள் கடலட்டைப் பண்ணைகளுக்கு எதிராக நீண்டநாள் போராடியபோது எழுந்த கேள்வி, ஆழமற்ற கடலை யார் வேலியிடலாம் என்பது. கண்காணிப்பு மிதவையும் அந்தக் கடலில்தான் மிதக்கும். ஒரு நிறுவனத்தின் பெயர் பொறித்த மிதவையைக் கண்டதும் ‘இதுவும் வேலிக்கு முன்னோட்டம்’ என்று சிறுதொழில் மீனவர் எண்ணினால், அவரைக் குறை சொல்ல முடியாது. சூடும் உப்பும் ஒட்சிசனும் பாசிக்காரருக்கு மட்டுமல்ல, தூண்டிலுக்கும் களங்கண்ணிக்கும் போகிறவருக்கும் வேண்டும். எண்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பலகையில் தினமும் எழுதப்படட்டும். யாரும் பார்க்கலாம் என்று இருக்கட்டும். மிதவை பலரின் சொத்தானால் அதன் பற்றரியும் களவு போகாது. இதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

எங்கிருந்து தொடங்குவது? மிதவையிலிருந்து அல்ல என்பதே இந்தப் பத்தியின் நிலைப்பாடு. கையடக்க உப்புமானி ஒன்று, வெப்பமானி ஒன்று, ஒரு கொப்பி. வட்டுவாகல் பாலத்தடியிலும் வற்றாப்பளைக் கரையிலும் ஒரே நேரத்தில், கிழமைக்கு இரண்டு தடவை, ஒரு முழு வருடம். முள்ளியவளை வித்தியானந்தாக் கல்லூரியின் உயர்தர மாணவர்கள் செய்யக்கூடிய வேலை இது. அவர்களுக்கு உயிரியலும் பௌதிகவியலும் ஒன்றாகப் படிக்கக் கிடைக்கும் இடமும் இதுதான். முகத்துவாரம் வெட்டிய திகதி, மழை பெய்த திகதி, இறால் ஏறிய திகதி எல்லாம் அதே கொப்பியில் ஏறவேண்டும். மூத்த தொழிலாளர்களின் வாயிலிருந்து கேட்டு எழுதவேண்டியவையும் அதில் உண்டு. எந்தக் காற்றுக்கு எந்த மூலையில் தண்ணீர் நாறும் என்பது எந்த உணரிக்கும் தெரியாது.

அந்த ஒரு வருடக் கொப்பி கையில் இருக்கும்போது, மிதவை எங்கே நிற்கவேண்டும், எதை அளக்கவேண்டும், எந்த எண்ணைத் தாண்டினால் யாரை எழுப்பவேண்டும் என்பது தெரியும். அதன்பின் கருவியைக் கப்பலில் இறக்கவும் தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. அங்கே கட்டிய மிதவை பழுதானால் அதே நாளில் பஸ்சில் கொண்டுபோய்த் திருத்தலாம். வெளிநாட்டிலிருந்து வந்தது பழுதானால் உதிரிப்பாகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். அதற்குள் ஒரு பருவம் போய்விடும்.

எங்கள் கரைகளில் யாராவது சூரிய மிதவையோடு வந்தால் வரவேற்போம். வரவேற்றுவிட்டு, கிழமைதோறும் அதைக் கழுவப்போவது யார், அவருடைய கூலி எந்தக் கணக்கில், எச்சரிக்கை வந்து முன்கூட்டி அறுத்த பாசிக்கு விலை என்ன, திட்டம் முடிந்த மறுநாள் அந்த எண்கள் யாரிடம் இருக்கும் என்று கேட்போம். பதிலை எழுத்தில் வாங்கிச் சங்கத்தின் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் ஒட்டி வைத்த பிறகு மிதவையைத் தண்ணீரில் இறக்கலாம்.